வாரண்டுக்காரர் வீட்டில் ஒரு சோதனை

கொல்லிமலையில் போலீஸ் ஜீப்புக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டு: ஒன்று மாடு, இன்னொன்று வாரண்டுக்காரர். மாடாவது ஹாரன் அடித்தால் ஒதுங்கும்.

கதவைத் தட்டுகிற எவரிடமும், "வாரண்டு இருக்குதுங்களா?" என்பார். ஓட்டுக் கேட்க வந்தவர், சொட்டு மருந்து கொண்டுவந்த நர்ஸ், பெண் பார்க்க வந்த சம்பந்தி, எல்லாருக்கும் அதே வரவேற்பு. மலையில் எங்கள் பகுதியான வளப்பூர் நாட்டில் அவருடைய சொந்தப் பெயரே மறந்துபோயிற்று.

நான் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றுப் பக்கத்து வீட்டில் குடியேறியவன். தினமும் அவருக்குச் சட்டம் சொல்வேன்.

"எல்லாத்துக்கும் வாரண்டு வேண்டாம். அதை வாங்கறதுக்குள்ள பொருள் கைமாறிடும்னு நியாயமான காரணம் இருந்தா, காரணத்தை எழுதி வெச்சுட்டு நேரா உள்ளே வரலாம்."

"அப்புறம் கதவு எதுக்குங்க சாமி? கழட்டி அடுப்புல வெச்சுரட்டுமா?"

ஒரு மாசியில் அடிவார மண்டியில் மிளகு மூட்டைகள் களவு போயின. யாரோ கைகாட்ட, ஜீப் அவர் வாசலில் நின்றது. உள்ளே அந்த வருஷ மிளகு முழுவதும் மூட்டையாக இருந்தது; அதை விற்றுத்தான் மகள் கல்யாணம். வழக்குச் சொத்தாகப் போன மிளகு திரும்புவதற்குள் அந்த மகளுக்குப் பேத்தி பிறந்துவிடும். கோர்ட்டில் வழக்குச் சொத்துகளைப் பூட்டிவைக்கும் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது.

"வாரண்டு?"

"தேவையில்ல," என்றார் இன்ஸ்பெக்டர். வாரண்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"அவர் சொல்றது சரிதான்," என்றேன்.

"நல்லா இருங்க சாமி!"

"ஆனா உள்ளூர்ப் பெரியவங்க ரெண்டு பேரையாவது சாட்சிக்கு வெச்சுத்தான் தேடணும்."

அங்கேதான் இன்ஸ்பெக்டர் மாட்டினார். வளப்பூரில் நல்லதோ கெட்டதோ, வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்க வேண்டும். ஆள் பொறுக்கினால் மற்றவருக்கு அவமானம். ஊரே திரண்டது.

"ரெண்டு பேர் போதும்!"

"ஏனுங்க, அப்ப நாங்கல்லாம் மருவாதி கெட்டவங்களா?"

"மூத்தவன் நானிருக்க, அவன் எப்புடிங்க முன்னால போவான்?"

தாமதம் கூடாது என்பதற்காகக் கொடுத்த அதிகாரம், சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. வாரண்டுக்காரரே அதற்குக் குச்சிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார். பிறகு போன் வந்தது: மூட்டைகள் மண்டிக்காரரின் மைத்துனர் லாரியிலேயே கிடைத்துவிட்டன. ஜீப் இறங்கிப் போயிற்று.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊரைக் கூப்பிடச் சொல்லியிருக்காரே சாமி, சட்டம் எழுதுனவரு நம்ம மலைக்காரருங்களா?"

பங்குனியில் கல்யாணம் நடந்தது. போன மழைக்காலத்தில் அவர் காலமானார்.

இப்போது சோதனையை வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது புதுச் சட்டம். இதைச் சொன்னால் அவர் என்ன கேட்டிருப்பார் என்று பல நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அவர் அளவுக்கு ஒன்றும் எனக்கு வரவில்லை.