அஞ்சாம் நம்பர் ஷூ

அந்த மின்சார அலுவலகத்தில் கம்பம் ஏறும் வேலைக்கு நாற்பது ஆண்களும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். பதவியின் பெயர் லைன்மேன் என்பதால், அந்தப் பெண்ணை எல்லாரும் ‘லைன்மேன் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள்.

அக்காவின் கால் அஞ்சாம் நம்பர். அலுவலகம் கொடுத்த ஷூ ஒன்பதாம் நம்பர். போன வாரம் பாதிக் கம்பத்தில் ஒரு ஷூ கழன்று கீழே விழுந்தது. அடுத்த தடவை நாமும் கூடவே போய்விடுவோம் என்று கணக்குப் போட்டாள். மனு எழுதிக்கொண்டு சமநோக்குப் பிரிவுக்குப் போனாள்.

ஆண், பெண் என்று பார்ப்பதில்லை என்பது அந்தப் பிரிவின் கொள்கை. அதிகாரி அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்து, ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“ஊழியரே, இங்க எல்லாருக்கும் ஒன்பதுதான். உங்களுக்கு மட்டும் அஞ்சு குடுத்தா பாரபட்சம்.”

“சார், என் கால் சின்னது சார்.”

“காலையும் நாங்க பாக்கறதில்ல.”

அதே அறையில், பீரோவுக்கு அந்தப் பக்கம், மகளிர் மேம்பாட்டுப் பிரிவு. அங்கிருந்த மேடம் மனுவைப் படித்துக் கண்கலங்கினார்.

“எவ்வளவு பெரிய போராட்டம்மா உன்னோடது!”

“ஷூ கிடைக்குமா மேடம்?”

“ஷூவா? உனக்கு விருதே கிடைக்கும்!”

மூன்று மாதம் பீரோவுக்கு மேலாகக் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் இருதரப்புக் கருத்துகளும் சீர்தூக்கிப் பார்க்கப்பட்டு, ஒன்பதையும் அஞ்சையும் கூட்டி இரண்டால் வகுத்து, அனைவருக்கும் ஏழாம் நம்பர் என்று உத்தரவு வந்தது.

மறுநாள் அலுவலகமே நொண்டியது.

“எல்லாம் உங்களாலதான்க்கா,” என்றார் ஒரு லைன்மேன், குதிகாலைத் தடவிக்கொண்டே.

“ரெண்டு வருஷமா ஒன்பதுல ஏறினேனே, ஒருத்தராவது ஏன்னு கேட்டீங்களா?”

அவர் பேச்சை மாற்றினார்.

வெள்ளிக்கிழமை நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். திங்கட்கிழமையே சமநோக்கு அதிகாரி நாடாவோடு வந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக அளந்தார். எட்டு, பத்து, ஒன்பது. ஒருவருக்கு அஞ்சு! பதினெட்டு வருஷமாகத் துணியைத் திணித்துக்கொண்டு ஏறினாராம். சொல்ல வெட்கமாம்.

அக்காவும் வரிசையில் நின்று காலை நீட்டினாள். அதிகாரி தாளைப் பார்த்தார்.

“மனுவுல உங்க கையெழுத்து இல்லையே?”

வெள்ளிக்கிழமை அவள் ஊழியர் அறையில் இல்லை. ‘தளராத வீராங்கனை’ விருது வாங்க மேடம் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கேடயம் நல்ல கனம்.

“சார், முதல் மனுவே என்னோடதுதானே?”

“அந்தக் கோப்பு முடிஞ்சுபோச்சு. ஆணா பெண்ணான்னு நாங்க பாக்கறதில்ல. கையெழுத்து இருக்கான்னு மட்டும்தான் பாக்கறோம்.”

அக்கா ஏழிலேயே ஏறுகிறாள், இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு. ‘ஒன்பதிலிருந்து ஏழுக்கு வந்ததன் மூலம் இவ்வாண்டு பெண்கள் இரண்டு எண்கள் முன்னேறியுள்ளனர்’ என்று மேடம் ஆண்டறிக்கையில் எழுதினார். ‘பெண்கள்’ என்பதை ‘ஊழியர்கள்’ என்று திருத்த வேண்டும் என்று பீரோவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. வாக்குவாதம் சூடுபிடித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே குரலில் கத்தினார்கள்:

“அந்த லைன்மேன் அக்காவை உடனே கம்பத்துல ஏறச் சொல்லுங்க!”