நிச்சயதார்த்த வீட்டில் இறங்கிய படப்பிடிப்புச் சாப்பாடு

அன்புள்ள டென்னிஸ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் மெர்லின் தோத்திரம் சொல்லி எழுதுவது. நைனார்பாளையத்தில் எல்லோரும் சுகம். குவைத் வெயிலில் நீங்களும் அத்தையும் வாடாமலிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

நான் சொந்தமாகத் தயாரிக்கும் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதி முடிந்துவிட்டது, மாமா. "தயாரிப்பாளருன்னா இன்னாத்தடி தயாரிப்ப? மொளகாத்தூளா?" என்று அப்பா குதித்த அன்று, "வுடுங்க மாமா, கொழந்த போய்ப் பாக்கட்டும்" என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்வராயன் மலையில் ஒரு கல்யாணக் காட்சி எடுக்க வேண்டியிருந்தது. கதாநாயகிக்கு அன்று ஒருநாள்தான் தேதி. தவறினால் சேனல் தொடரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அப்படி ஆனால் நான் வீட்டுக்கு வந்து பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. காலையிலேயே, கல்யாணக் கூட்டமாக நிற்க வேண்டியவர்கள் வந்த பஸ் மலைப்பாதை வளைவில் புகைவிட்டு நின்றுவிட்டது. அதற்கு அழுது முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது, சாப்பாட்டு வண்டியைக் காணோம். கள்ளக்குறிச்சியிலிருந்து பிரியாணி ஏற்றிவந்த டிரைவர் அய்யனார் அண்ணனிடம், "வாழமரம் கட்டியிருக்கும், அங்க எறக்கிடுங்க" என்று சொன்னவள் நான்தான். மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம், தைலம்மாள் என்பவர் வீட்டிலும் வாழைமரம் கட்டியிருந்தது. அவர் மகள் இசைவாணிக்கு அன்று நிச்சயதார்த்தம். அண்ணன் அங்கே இறக்கிவிட்டார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு உபயம் என்று நினைக்க, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு உபசாரம் என்று நினைக்க, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். நான் அய்யனார் அண்ணனுக்குப் போன் செய்தபோது, அவரிடமிருந்து போனை வாங்கித் தைலம்மாள் அக்காதான் பேசினார்.

"ஐயோ கண்ணு, அண்டா காலியாயிடுச்சே! நீங்க எத்தினி பேரு?"

"அறுவது பேருக்கு மேலக்கா. எல்லாரும் பசியோட நிக்கறாங்க."

"எங்க சாப்பாடு தொறக்காம அப்டியே கெடக்குது. அழுவாத, எடுத்துக்கினு வரோம்."

அவர் சோற்றை மட்டும் அனுப்புவார் என்று நினைத்தேன். மினி லாரியில் சாம்பார், வடை, பாயசம். பின்னாலேயே இரண்டு வேனில் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ சகிதம் நிச்சயதார்த்தமே மலையேறி வந்துவிட்டது. எங்கள் டைரக்டர் வீரமணி அவர்களைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டுமே! சாப்பாட்டை மறந்து, "மேடம், நம்ம கல்யாணக் கூட்டம் வந்துடுச்சி" என்றார். அவர்களும் சந்தோஷமாக நின்றார்கள். ஆனால் நடிகர் தாலி கட்டிய நேரத்தில், மாப்பிள்ளையின் தாத்தா பச்சமுத்து திரும்பி, பின்வரிசையில் நின்ற இசைவாணி தலையில் அட்சதையைக் கொட்டினார். டைரக்டர் "கட்!" என்று கத்த, "இன்னாய்யா கட்டு? மொதல்ல எங்க வூட்டுப் பசங்கள வாழ்த்திக்கிறோம், அப்பறம் ஒங்க வூட்டுது" என்றார் பெரியவர். அவர் சொன்னபடியே செய்தோம். பனி இறங்குவதற்குள் காட்சி முடிந்தது.

பந்தி நடக்கும்போது அப்பா வந்து நின்றார், மாமா. காலையில் பஸ் நின்ற சேதி கேட்டு, வேலை படுத்துவிட்டது, என்னைக் கூட்டிப்போகலாம் என்று சின்னசேலம் வழியாகப் பஸ் மாறி மாறி வந்திருந்தார். நான் கையில் சாம்பார் வாளியோடு நின்றேன்.

"இதான் ஒன் வேலயா?"

"ஆமாம்பா. எல்லாரும் சாப்ட்டாங்களான்னு பாக்கறதும் என் வேலதான்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை வாங்கி, கேமராமேன் இலையில் ஊற்றினார். "மொதல்ல நீ போய் சாப்புடு, மூஞ்சி வாடிப்போயிருக்குது" என்றார். நான் கேமராமேன் பக்கத்திலேயே இலை போட்டு உட்கார்ந்தேன்.

அத்தையிடமும் பிள்ளைகளிடமும் என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் நூறு வருஷம் நன்றாக இருந்து, இதேபோல் பலருக்காகவும் வாய் திறந்து பேச வேண்டும்.

நன்றியுடன்,
மெர்லின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் சேனலிலிருந்து போன். பகுதி பிரமாதமாம், தொடர் என்னிடமே இருக்குமாம்; ஆனால் நீளம் ஜாஸ்தியாம், கல்யாணக் காட்சியை முழுசாக வெட்டிவிட்டார்களாம். டிவியில் வரப்போகிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்த தைலம்மாள் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "போனா போவுது வுடு கண்ணு. தை மாசம் நெஜக் கல்யாணமே கீது. கேமராவத் தூக்கிக்கினு அன்னிக்கி வந்துடு, சாப்பாடு நாங்க போடறோம்" என்றார். அப்பா இப்போதே வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.