சமாதானக் கடையில் ஒரு சண்டை

கதவை வாங்கிக்கொண்டு சண்டையைத் தராமல் போன சிவப்புச் சட்டைக்காரரே, உங்களைத்தான் சொல்கிறேன். நீங்கள் வாக்குத் தவறியவர். பித்தளைத் தாழ்ப்பாள் போட்ட அசல் தேக்குக் கதவு அது. அதற்குப் பதிலாக நான் கேட்டது கால் மணி நேர வாய்ச்சண்டை. அடிதடிகூட இல்லை. அதைக்கூட ஒழுங்காகப் போடாமல் என்னை ஊர் நடுவே உட்கார வைத்துவிட்டீர்கள்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? சொல்கிறேன்.

இடிக்கிற கட்டடங்களில் கதவு, ஜன்னல்களைக் கழற்றி வாங்கி விற்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், கடைத்தெருவில் அடிபட்டுப் படித்தது நிறைய. எனக்குக் கோபம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். தப்பு. கோபம் எனக்கு வருவதில்லை, என்னோடேயே இருக்கிறது. போன வருஷம் ஒரு பழைய விடுதியை இடித்தார்கள். மேஸ்திரியோடு நான்கு நாள் பேரம் பேசி அறுபத்திரண்டு கதவுகளையும் மொத்தமாக அள்ளினேன். ஐந்தாம் நாள்தான் அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது.

கிடங்கில் நாற்பது போயிற்று. மிச்சம் வீட்டில். ஹாலில் ஒன்பது, சமையலறையில் ஐந்து, படுக்கையறையில் எட்டு. குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் எது நிஜக் கதவு என்று தட்டிப் பார்க்க வேண்டும். என் மைத்துனர் ஒருமுறை அவசரத்தில் மூன்று கதவுகளைத் திறந்து மூன்று முறை சுவரில் மோதினார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கதவுகளால் வந்த ஒரே லாபம் அதுதான்.

அவற்றை விற்க எனக்கு இருந்த ஒரே வழி வருஷாந்தரச் சந்தை. ஆடு, மாடு, பூசணிக்காய்ப் போட்டி, ராட்டினம் என்று மூன்று நாள் சுற்றுவட்டாரமே திரளும். ஆனால் கதவு விற்க முன்வாசல் இடம் வேண்டும். கையை வீசிக்கொண்டு உள்ளே வருகிறவன்தான் கதவைப் பார்ப்பான். இரண்டு பூசணிக்காயோடும் அழுகிற குழந்தையோடும் திரும்பிப் போகிறவன் பார்க்க மாட்டான். அந்த முன்வாசல் இடத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது பின்வேலி ஓரம், ஆட்டுப்பட்டிக்கும் கழிப்பறைக்கும் நடுவில். முன்வாசல் யாருக்கு விழுந்தது என்று கேளுங்கள்.

சமாதானக் குழுவுக்கு.

ஊர்ச் சண்டைகளைப் பேசித் தீர்த்துவைக்கிற அந்தக் குழுவின் செயலாளர் யார் என்று கேட்காதீர்கள். அவளோடுதான் நான் இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

ஒரு வாரம் பேரம் பேசினேன். பாதி இடம் கேட்டேன். கால் இடம் கேட்டேன். கடைசியில், உங்கள் கடைக்கு வாசலாக ஒரே ஒரு கதவையாவது நிறுத்திக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தேன். என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சமாதானத்துக்கு எதுக்குங்க கதவு? அது திறந்தேதான் இருக்கணும்."

"இருக்கட்டும். திறந்த கதவா ஒண்ணு வச்சுக்கயேன்."

"விலைச்சீட்டு தொங்குமே."

"சின்னதா தொங்கும்."

"சீட்டு எங்க குழுவுக்கு விழுந்ததுங்க. உங்களுக்கு விழல. இதுல நான் என்ன பண்ண முடியும்?"

அன்றைக்குத்தான் தீர்மானம் செய்தேன். மேஸ்திரிகளை மண்டியிட வைத்தவன் நான். வெங்காயத்தின் முன்னால் தோற்பதா?

சந்தைக் கமிட்டியில் ஒரு விதி உண்டு. மூன்று வருஷம் முன்பு இரண்டு தேன் வியாபாரிகள் கூட்டைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். தேனீக்களுக்கு யார் கட்சி என்று தெரியாமல் கமிட்டித் தலைவரைக் கொட்டிவிட்டன. முக வீக்கம் வடிந்த அன்றைக்கே அவர் எழுதிய விதி இது: எந்தக் கடையில் சண்டை நடக்கிறதோ அந்தக் கடை உடனே பின்வேலிக்குப் போக வேண்டும், காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவர் முன்னே வரலாம். பட்டியலில் முதலில் இருந்தவன் நான்.

ஆகவே சமாதானக் கடையில் ஒரு சண்டை வேண்டும். உள்ளே போக நான் தொண்டராகச் சேர்ந்தேன். என் மனைவி உடனே சேர்த்துக்கொண்டாள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு புறாவைக் கொடுத்தாள், துணியில் தைத்தது. சண்டை போட எதிராளி வேண்டுமே. டீக்கடையில் சர்க்கரை குறைந்தது என்று ஒரு மணி நேரம் கத்தக்கூடிய ஓர் ஆளை எனக்குத் தெரியும். அவர்தான் நீங்கள். கோணல் கதவு விற்றுவிட்டேன் என்று பதினொரு மணிக்கு வந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டும், இதுதான் ஒப்பந்தம். முன்பணமாகக் கதவை அன்றே தூக்கிக்கொண்டு போனீர்கள்.

முதல் நாள் காலை. கடையில் மூன்று பேர்: என் மனைவி, ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர், புறாவோடு நான். நடுவில் துணி விரித்த ஒரு நீள மேசை. மேசைக்கு இருபுறமும் எதிரெதிரே இரண்டு நாற்காலி. மேசைமேல் ஒரு மணற்கடிகை. அவர்கள் முறை இதுதான்: சண்டைக்காரர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும். மணல் விழுகிற மூன்று நிமிஷமும் ஒருவர் பேச, மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு, கேட்டதை அவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசினவர் "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். இதைக் கேட்டபோதே எனக்கு வியர்த்தது. முப்பது வருஷ வியாபாரத்தில் எதிராளியை மூன்று நொடிக்கு மேல் நான் பேச விட்டதில்லை.

பத்தரை வரை கடைக்கு ஈ வரவில்லை. இரண்டு பேர் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். பரிசு வாங்கின ஓர் ஆடு ஆறு துண்டுப் பிரசுரங்களைத் தின்றது. நர்ஸம்மா அதை வாசகர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

சரியாகப் பதினொன்று. சிவப்புச் சட்டை வந்தது. என்ன குரல் சார் உங்களுக்கு. "இந்த ஆளு எனக்குக் கோணக் கதவு வித்துட்டான்" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் ராட்டினம் நின்றது. எனக்கு மனது குளிர்ந்தது. நானும் கத்தினேன். கூட்டம் ஓடிவந்தது. தூரத்தில் கமிட்டித் தலைவர் நோட்டோடு வருவது தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் முன்வாசல் என்னுடையது.

அப்போது என் மனைவி எழுந்தாள். கத்தவில்லை. "ஐயா, உக்காருங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ஐயா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்களாவது நின்றிருக்க வேண்டாமா? உங்களை உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை வசதியாக நீட்டிக்கொண்டு, மணற்கடிகையை நீங்களே திருப்பி வைத்தீர்கள்.

மூன்று நிமிஷம் பேசினீர்கள். கோணல் கதவு, சாத்தாத தாழ்ப்பாள், ராத்திரி உள்ளே வருகிற நாய், நாயைப் பார்த்துப் பயந்த மாமியார். மாமியார் ஒப்பந்தத்திலேயே இல்லை. மணல் தீர்ந்தது. என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இவர் என்ன சொன்னார்னு சொல்லுங்க."

"பொய் சொன்னான்."

"அது உங்க பதிலுங்கய்யா. அவர் சொன்னது என்ன?"

ஓங்கி மேசையில் குத்தினேன். குத்தின கை சும்மா இருக்குமா? இந்தக் கைக்கு மரம் தெரியும். தேக்கு. மெல்லத் துணியின் ஓரத்தைத் தூக்கினேன். பித்தளைத் தாழ்ப்பாள் என்னைப் பார்த்துப் பளபளத்தது. இரண்டு முக்காலிமேல் படுத்திருந்த அந்த மேசை, நான் உங்களுக்குக் கொடுத்த கதவு.

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தேன். அவள் துணியைச் சரியாக இழுத்துவிட்டாள். "அன்பளிப்பா வந்ததுங்கய்யா. முந்தாநாளே கொண்டுவந்து குடுத்துட்டார்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "சமாதானக் கடையில சண்டை போடலாமான்னு கேக்க வந்தார் பாவம். தாராளமா போடுங்க, ஆனா உக்காந்து போடுங்கன்னு சொன்னேன்."

எழுந்து உண்மையைக் கத்தலாமா என்று நினைத்தேன். எதைக் கத்துவது? மனைவியின் கடையை உடைக்க ஆள் பிடித்தேன் என்றா? எதிரே இருநூறு பேர். அத்தனை பேரும் கையை வீசிக்கொண்டு வந்தவர்கள். கதவு பார்க்கக்கூடியவர்கள். தலைவர் நோட்டைத் திறந்துகொண்டு முன்வரிசையில் நின்றார்.

"இவருக்கு நான் ஒரு கதவு வித்தேன்" என்று முனகினேன்.

"எப்படிப்பட்ட கதவு?" இது நீங்கள்.

"கதவு."

"நான் சொன்னதுல பாதிதான் வந்துருக்கு" என்று என் மனைவியிடம் நியாயம் கேட்டீர்கள். அவள் தலையசைத்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை, வேறு வழியில்லாமல், முன்வாசலில் நின்றுகொண்டிருந்த என் வருங்கால வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: இவருக்கு நான் கோணல் கதவு விற்றேன், தாழ்ப்பாள் விழவில்லை, நாய் வந்தது, மாமியார் பயந்தார்.

"ஆமா, அதான்" என்றீர்கள். எவ்வளவு நிம்மதி உங்கள் முகத்தில்.

பிறகு என் முறை வந்தது. மூன்று நிமிஷம் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு மூன்று நிமிஷம் கிடைத்ததே இல்லை. உங்களைக் கிழித்துத் தோரணம் கட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எங்கே ஆரம்பித்தேனோ, எப்படித் திரும்பினேனோ, வீட்டில் ஒரு மனிதன் ஒரு கதவை வைக்கக்கூட இடமில்லாமல் தவிக்கிறான், ஒரு வாரம் கெஞ்சினாலும் வெங்காயம்தான் நறுக்குகிறார்கள் என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னீர்கள். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் நாலைந்து ஆண்கள் பலமாகக் கைதட்டினார்கள். "ஆமா, அதான்" என்றேன் நானும். வெட்கக்கேடு.

தலைவர் அங்கேயே தீர்ப்பு எழுதினார். சண்டை நடந்தது உண்மை, ஆனால் நடந்த இடத்திலேயே தீர்ந்தது. இனி இந்தச் சந்தையில் எங்கே சண்டை வந்தாலும் இங்கே கூட்டி வர வேண்டும், ஆகவே அடுத்த வருஷமும் குலுக்கல் இல்லாமலே முன்வாசல் சமாதானக் குழுவுக்கு. என் பெயருக்கு எதிரே 'கோணல் கதவு, தானே ஒப்புக்கொண்டார்' என்று குறித்துக்கொண்டு காத்திருப்புப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார். மறுநாள் அவரைத் தேடிப் போய் ஒப்பந்தத்தையும் முன்பணக் கதவையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். "இருநூறு பேர் காதால கேட்டது. அந்த ஆளே வந்து புகாரை வாபஸ் வாங்கினா அடிச்ச பேரை மறுபடி எழுதறேன்" என்றார். பொய்யை மூன்று தடவை சொன்னேன், ஊரே நம்பியது. உண்மையை ஒரு தடவை சொன்னேன், ஒருத்தர்கூட நம்பவில்லை.

மூன்று நாளில் ஒரு கதவுகூட விற்கவில்லை. ஆட்டுக்காரர் ஒருவர் மட்டும் வந்து, பட்டிக்குக் கோணலானாலும் பரவாயில்லை, சும்மா தருவீர்களா என்று கேட்டார். வீட்டில் மனைவியிடம் சண்டைக்குப் போனேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"நான் என்னங்க பண்ணேன்? நீங்க அனுப்பின ஆளை உக்கார வச்சேன். அவ்வளவுதானே?"

இப்போது நீங்கள் குழுவில் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டு ஹாலில், என் ஒன்பது கதவுகளில் சாய்ந்துகொண்டு உட்காருகிறீர்கள். நான் வாயைத் திறந்தால் மணற்கடிகையைத் திருப்பி வைக்கிறீர்கள். போதும் ஐயா. வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு வருவதற்கு முன் நேரே தலைவர் வீட்டுக்குப் போங்கள். என் கதவு நேராகச் சாத்துகிறது, தாழ்ப்பாள் விழுகிறது, உங்களுக்கு நாயே கிடையாது என்று உங்கள் வாயால் சொல்லி அவர் நோட்டில் அடித்த என் பெயரை மறுபடி எழுத வையுங்கள். கூலியாக வீட்டில் இருக்கிற இருபத்திரண்டில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நான் பேரம் பேச மாட்டேன்.