ரிமோட்டுக்குப் பெர்மிட் எழுதிய மாமா

ரிமோட்டைச் சரிசெய்யத் தலையில் பாதுகாப்புத் தொப்பியும் காலில் இரும்பு முனை பூட்ஸும் போட்டுக்கொண்டு வந்த மனிதர் உலகத்திலேயே எங்கள் பெர்மிட் மாமா ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவரையும் போய்ப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன்.

அலோர் காஜா டவுனுக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது எங்கள் தாமான் என்கிற குடியிருப்பு. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த எட்டுக் குடும்பங்கள், ஒரே வரிசையில் ஒரே அச்சில் எட்டு வீடுகள். கடைசி வீட்டில் மாமா தனியாக இருந்தார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பக்கம் ஒரு குத்தகைக்காரரிடம் முப்பது வருஷம் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவர். அங்கே எழுத்தில் பெர்மிட் வாங்காமல் ஒரு திருகாணியைக்கூடத் திருக முடியாதாம். ஓய்வு பெறும் நாளில் மற்றவர்கள் கைக்கடிகாரமோ கேடயமோ வாங்கிக்கொண்டு வருவார்கள். மாமா மிச்சமிருந்த, நிரப்பாத பெர்மிட் பாரங்களைக் கட்டுக் கட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

பாரம் இருந்தது, வேலைதான் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தாமானுக்குக் குச்சி வந்து சேர்ந்தது.

குச்சி என்று நாங்கள் சொல்வது டிவிக்குப் பின்னால் செருகுகிற அந்தச் சின்னச் சாமானை. செருகிவிட்டால் இன்டர்நெட்டிலிருந்து சீரியலும் சினிமாவுமாகக் கொண்டுவந்து கொட்டும். டவுனில் ஒரு கடையில் மலிவு விற்பனை போட்டார்கள், எட்டு வீட்டிலும் ஒரே கறுப்புக் குச்சி, ஒரே கறுப்பு ரிமோட். குச்சியைக் குறை சொல்ல முடியாது. ரிமோட்டுக்குத்தான் திடீர் திடீரென்று கோபம் வரும். நேற்றுவரை குச்சியோடு நன்றாகக் குடும்பம் நடத்திவிட்டு, இன்றைக்கு நீ யாரோ நான் யாரோ என்று நிற்கும்.

முதலில் முறைத்துக்கொண்டது எங்கள் வீட்டு ரிமோட்தான். என் மனைவி வாசலில் நின்று மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, ரிமோட் கனெக்ட் ஆவல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"தொட்டியாம்மா?"

"தொட்டேன், தட்டுனேன், உள்ளங்கையில நாலு அடி அடிச்சும் பாத்துட்டேன்."

"போச்சு! இனிமே யாரும் கிட்ட போவாதீங்க. வர்றேன்."

நாற்பது நிமிஷம் கழித்து வந்தார். மஞ்சள் தொப்பி, கழுத்தில் விசில், கையில் ஒரு பை. வீட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது மாமாவுக்குத் தெரியாதா என்ன? வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டார். கழற்றிவிட்டுப் பையிலிருந்து, கழுவித் துடைத்த இன்னொரு பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

அப்புறம் பாரம். வேலை நடக்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் நெருப்பு உண்டா, அவசரத்துக்கு வெளியேறும் வழி எது. "அடுப்புல சாம்பார் இருக்கு மாமா" என்றாள் என் மனைவி. நெருப்பு உண்டு என்று எழுதிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொன்னார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் அலோர் காஜாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறவன். 'இந்தக் கட்டம் காலியா இருக்கு, நிரப்பிட்டு வாங்க' என்று இருபது வருஷமாக மக்களைத் திருப்பி அனுப்பிச் சம்பளம் வாங்குகிறேன். அன்றைக்கு நான் நிரப்பிக் கொடுத்த பாரத்தை மாமா இரண்டு விரலால் பிடித்து என்னிடமே நீட்டினார்.

"தம்பி, 'முடியும் தேதி' எழுதல. காலிக் கட்டம் வச்ச பாரத்த நான் இதுவரைக்கும் வாங்குனதே கிடையாது."

என் மனைவி சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறகு விசில். நாங்கள் இருவரும் கார் நிற்கும் இடத்தில் வரிசையாக நின்றோம். "சைட்டுல யாரும் ஓடக் கூடாது. நெருப்பே புடிச்சாலும் நடந்துதான் போவணும்" என்று ஒரு சிறு சொற்பொழிவு. அடுத்தது தலை எண்ணிக்கை. "ஒண்ணு, ரெண்டு. சரி." இருந்ததே இரண்டு பேர்தான், அதையும் பாரத்தில் குறித்துக்கொண்டார். குச்சியின் பிளக்கைப் பிடுங்கி ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் பூட்டி, 'ஆபத்து, இயக்காதே' என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். சாவி அவர் கழுத்துச் சங்கிலியில். கடிகாரத்தைப் பார்த்து அறுபது விநாடி எண்ணினார். பூட்டைத் திறந்து பிளக்கைச் செருகி, ரிமோட்டில் வீடு படம் போட்ட பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தார். கனெக்ட் ஆகிவிட்டது!

ஆக, வேலை எழுபது விநாடி. மிச்சம் ஒன்றேகால் மணி நேரமும் பெர்மிட். நடுவில், "வீட்டுக்குப் போயி டீ குடிச்சிட்டு வாங்களேன் மாமா" என்று என் மனைவி சொன்னதற்கு, அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"பெர்மிட் தொறந்திருக்குதும்மா. முடிக்காம நான் எப்படி சைட்ட விட்டுப் போவேன்?"

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "பிளக்கு உங்க கையிலயே இருக்கு. அதுக்கு எதுக்கு மாமா பூட்டு?" என்று கேட்டுவிட்டேன். அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. இத்தனை நாளும் நான் பார்க்கவில்லை.

"தோட்டத்துல, ரப்பர் ஷீட்டு போடுற மெஷினு. கைய உள்ள வுட்டுத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் ஒருத்தன் சுவிச்சப் போட்டுட்டான். நல்லவன்லா அவன். இந்தப் பக்கம் நான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, "பெர்மிட்டு முடிஞ்சிருச்சு, இப்ப டீ குடும்மா" என்றார். அன்றோடு பூட்டைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். பூட்ஸை மட்டும் விடவில்லை.

இப்போது ருக்குமணி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீடு. விடியற்காலையில் எழுந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைக் கட்டி விற்று, ஒரே மகளை அயர்லாந்துவரை அனுப்பி மருந்தாளர் படிப்புப் படிக்கவைத்தவர். பட்டமளிப்பு விழா சனிக்கிழமை, நம் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு. நேரலையில் காட்டுகிறார்கள். எழுத்து வரிசையில் மகள் பெயர் முன்னாலேயே வந்துவிடுமாம். மேடையில் அவள் நடக்கப்போவது பத்து விநாடி. அந்தப் பத்து விநாடிக்காக அக்கா தாமான் முழுக்க அழைத்திருந்தார்.

"போன்ல பாத்துக்கலாமேக்கா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கண்ணு ஆபரேஷன் பண்ணி பத்து நாளுதான் ஆவுது தம்பி. போன்ல பாத்தா எல்லாம் ஈ பறக்குற மாதிரி தெரியுது. என் புள்ள பெருசா தெரியணும்டா எனக்கு."

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. எங்கள் சின்ன மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தொழில் சாமானை மாலையில் அம்மன் முன் வைத்துவிட வேண்டும், மறுநாள் காலையில்தான் எடுக்கலாம். கார் சாவி, பாராங் கத்தி, தையல் கத்தரிக்கோல், மடிக்கணினி என்று எல்லாம் வந்தன. ருக்குமணி அக்கா முந்தானைக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்து வைத்தார். "தாயே, நாளைக்கு அஞ்சு மணிக்கு எந்தத் தடங்கலும் வரக் கூடாது" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டார்.

அதைப் பார்த்துவிட்டு மற்ற வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அரை மணி நேரத்தில் எட்டு வீட்டு ரிமோட்டும் ஒரே தாம்பாளத்தில். பூசாரி எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். கொஞ்சநஞ்சம் இருந்த அடையாளமும் அதில் போயிற்று. காலையில் ஆளுக்கொன்றை எடுத்து, 'இதான் நம்மளோடது' என்று சந்தேகமே இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், துடைத்துப் புதுப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தோம். படித்தவர்கள் உள்பட.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா வீட்டில் கேசரி தயார், வடை தயார், ரிமோட் மட்டும் தயாரில்லை. மாமாவுக்கு ஆள் போயிற்று. மாமா வந்தார், பூட்ஸை மாற்றினார், பாரத்தை எடுத்தார்.

"மாமா, இன்னிக்கு மட்டும் பாரம் வேணாமே" என்றார் அக்கா.

"இன்னிக்குத்தான்மா வேணும். அவசர வேலையிலதான் கை போவும்."

கூடத்தில் முப்பது பேர். முப்பது தலையையும் எண்ணி, முப்பது பேருக்கும் சொற்பொழிவு ஆற்றி, பிளக்கைப் பூட்டி, அறுபது விநாடி எண்ணி, திறந்து, பொத்தானைப் பிடித்தபோது மணி நாலு இருபது. கனெக்ட் ஆகவில்லை. பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எல்லாம். அப்போதும் ஆகவில்லை. நாலு நாற்பது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாரக் கட்டைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன்.

மாமா மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து, இன்னொரு ஈடு வடை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவியின் கத்தல் கேட்டது.

"யாருங்க அது! மூணாவது தடவ சாமி பாட்டு நின்னு போச்சு!"

எங்கள் டிவியில் நேற்றுக் கோயிலுக்குக் கிளம்பும் முன் போட்ட பக்திப் பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நின்றாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே தொடர்ந்துவிடும். மாமா கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். பாட்டு மறுபடி கேட்டதும் இன்னொரு தடவை அழுத்தினார். "ஐயோ, மறுபடியுமா!" என்றது சுவர்.

மாமா தன் பாதி விரலையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "சுவிச்சு இந்தப் பக்கம் இருக்கு. மெஷினு அந்தப் பக்கம் இருக்கு."

அடுத்த கணம் விசில். எட்டூருக்குக் கேட்டிருக்கும். "எல்லாரும் வீட்டு ரிமோட்ட எடுத்துக்கிட்டு வெளிய வாங்க! நடந்து வாங்க!"

வந்தார்கள். அக்காவின் டிவியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ரிமோட்டாக அழுத்தினார் மாமா. யார் வீட்டு நாயோ குரைத்தது, ஏதோ ஒரு வீட்டில் சீரியல் ஆரம்பித்தது, அக்கா வீட்டு டிவி மட்டும் கல்லுப்பிள்ளையார்.

"ஏழுதான் இருக்கு! எட்டு வீடு, ஏழு ரிமோட்டு! எந்த வீட்டு ஆளு இன்னும் வரல?" என்று கர்ஜித்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒன்றாம் வீடு இருக்கிறது, ஏழாம் வீடும் இருக்கிறது. "எட்டாவது வீட்டுக்காரன் எங்க? யாருய்யா எட்டாவது வீடு?"

அக்காதான் வாய் திறந்தார். "மாமா, எட்டாவது வீடு நீங்கதானே?"

மணி நாலு ஐம்பத்தைந்து. முப்பது வருஷம் 'ஓடாதே' என்று சொல்லியே வாழ்ந்த மனிதர் ஓடினார். தொப்பி கழன்று சாக்கடையில் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளே போடுகிற சுத்தமான பூட்ஸோடு செம்மண்ணில் ஓடி, தன் வீட்டுப் பூஜை அலமாரியிலிருந்து சந்தனம் துடைக்காத ரிமோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். மூச்சு வாங்க அழுத்தினார். டிவி விழித்தது.

பெயர் கூப்பிட்டார்கள். கறுப்பு அங்கியில் அந்தப் பெண் நடந்து வந்தாள். அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்த் திரையில் கை வைத்தார். "அந்தா! அந்தா வர்றா என் புள்ள! நடக்குறா பாருங்க!" என்று அழுதார், சிரித்தார். முப்பது பேரும் கைதட்டினோம். மாமா வாசலிலேயே நின்றார். பூட்ஸில் மண்.

இரவு சாப்பாட்டுக்கு முன்பே மாமா எட்டு ரிமோட்டிலும் வீட்டு எண்ணை ஒட்டிவிட்டார். கனெக்ட் ஆகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு டிவிக்குப் பின்னாலும் ஒட்டினார். கெட்டிக்காரத்தனத்தில் அவர் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். அதற்கப்புறம் அவரைக் கூப்பிட யாருக்கும் எந்த அவசியமும் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. மாமா பூட்ஸை வெயிலில் காயவைப்பதும் எடுத்து உள்ளே வைப்பதுமாக இருந்தார்.

ஒருநாள் வேலியோரம் வந்து சொன்னார். "கிளேபாங்ல மக கூப்புட்டுக்கிட்டே இருக்கா தம்பி. போயிடலாம்னு இருக்கேன். இங்க எனக்கு என்னா வேலை?"

நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். பிறகு அக்காவிடம் போய்ச் சொன்னேன். சாயங்காலம் ருக்குமணி அக்கா வீடு வீடாகப் போய் வந்தார்.

மறுநாள் காலையில் மாமாவின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா வேலியில் நின்று கூப்பிட்டார். "மாமா, ரிமோட் கனெக்ட் ஆவல." ஐந்தாம் வீட்டில் நாங்கள் கூப்பிட்டோம். மூன்றாம் வீட்டிலும் அதே குறை. மாமா எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தார். பெட்டியைத் திறந்து, கழுவி வைத்திருந்த தொப்பியை எடுத்தார். விசில் ஊதினார்.

வரிசையில் நின்றோம். முதல் ரிமோட்டின் மூடியைத் திறந்தார், பேட்டரி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஏழிலும் இல்லை. அக்காவின் மடியில் பதினான்கு பேட்டரியும் முடிச்சாகத் தொங்கியது, வெளியிலேயே தெரிந்தது. மாமா அந்த முடிச்சைப் பார்த்தார். வீடு வீடாக எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு..." ஏழில் நிறுத்தினார்.

"எட்டு மாமா" என்றார் அக்கா. "உங்கள எப்பவும் வுட்டுர்றீங்க."

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பாரத்தை எடுத்துக் கார் பானெட்டில் வைத்து எழுதினார். வேலையின் தன்மை, இடம், ஆட்கள் எட்டு. கையெழுத்துப் போட்டு, தன்னுடைய பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுபிரதியை என்னிடம் நீட்டினார். "பெர்மிட் தொறந்தாச்சு" என்றார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

முடியும் தேதி என்ற கட்டத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இருபது வருஷத்தில், காலிக் கட்டம் இருந்தும் நான் திருப்பிக் கொடுக்காத பாரம் அது ஒன்றுதான்.