மூணு கோடு போட்ட கால்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் அவர் கவிழ்த்துப் பார்க்காத நாற்காலி கிடையாது. ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை உட்காரப் போன நேரத்தில் அந்த நாற்காலியையும் கவிழ்த்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் 'ரெண்டு கேள்வி'.

எழுபதுகளில் சதுரங்கப்பட்டினம் பக்கம், கடலுக்குள் இரும்புக் கால்களில் ஒரு மேடை நின்றது. அதன் மூலையில் ஒரு தகரக் கொட்டகை. அதில் உட்கார்ந்து கடல்மட்டம் குறிப்பது என் உத்தியோகம். மேடையின் வெல்டு மூட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவருடையது. எதைத் தட்டுமுன்னும் இரண்டே கேள்விகள்தான்: "இது உடையுமா? உடைஞ்சா இன்னா ஆவும்?" பதிலைப் பொறுத்து சிவப்புப் பெயிண்டில் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் ஆறப்போடலாம், இரண்டு என்றால் வருஷத்துக்கு ஒரு தரம், மூன்று என்றால் மாதாமாதம். மெஸ்ஸில் சாம்பார் அண்டா வைக்கும் பெஞ்சின் காலுக்கும் மூன்று கோடு போட்டிருந்தார். தலைமை குமாஸ்தா அதை ஒட்டித்தான் உட்காருவார்.

புதிதாக வந்த இன்ஜினீயருக்கு இது பிடிக்கவில்லை. ஒன்று முதல் இருநூறு வரை பதிவேட்டு வரிசைப்படி தட்டச் சொன்னார். இவரோ நூற்று நாற்பத்திரண்டாம் மூட்டை மாதாமாதம் பார்த்தார். மூன்றாம் மூட்டின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவருக்கு மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும். நான் ராத்தூக்கம் கெட்டு ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன். மனிதர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மெமோவின் பின்புறம் தன் இரண்டு கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இன்ஜினீயர் மெமோவும் கையுமாக மேடைக்கே வந்துவிட்டார். அந்த வாரம்தான் அங்கே கிரேன் ஏற்றுவதாக இருந்தது. இவர் கயிற்றைப் பிடித்து இறங்கி நூற்று நாற்பத்திரண்டைத் தட்டினார். கணீரென்று வர வேண்டிய சத்தம் ஓட்டைப் பானையைத் தட்டினாற்போல வந்தது. துருவைச் சுரண்டினால், தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல். போன மாதம் அது இல்லை என்றார்.

"கிரேனு இது மேலதான் சார் நிக்கப் போவுது. எட்டு ஆளுங்க. உங்க வரிசப்படி போனா இதோட மொற தை மாசம்தான் வரும்."

இன்ஜினீயர் மெமோவைக் கிழித்துக் கடலில் போட்டார். கிரேனை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். எட்டு உயிரை ஒரு சுத்தியல் காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

குனிந்து பார்த்தபோதுதான் என் கொட்டகையைத் தாங்கிய காலிலும் மூன்று கோடு தெரிந்தது. அதுவும் உடையப் போகிறதா என்று கேட்டேன்.

"யான ஏறுனாலும் உடையாது நைனா."

"பின்ன எதுக்கு அண்ணாத்த மூணு கோடு?"

சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "உனுக்கு நீச்சல் தெரியாதே."

இப்போதும் எங்கே போனாலும் உட்காருமுன் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். சிவப்புக் கோடு இருக்காது என்று தெரியும். அவரைத் தேடுகிறேன், அவ்வளவுதான்.