சூரன்போருக்கு வந்த சோளப்பாம்பு

இதை எழுதுவதா விடுவதா என்று நாலு வருடம் யோசித்தேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்து என்றால் அர்ச்சனைச் சிட்டையில் பெயரும் நட்சத்திரமும் எழுதுவதோடு சரி. அதோடு விஷயம் சாமி சம்பந்தப்பட்டது, என் மானமும் சம்பந்தப்பட்டது. (இரண்டில் எது பெரிது என்று கேட்காதீர்கள்.) ஆனால் போன கிழமை ஊரிலிருந்து என் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அது என்ன செய்தி என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், அபிரா. கலியாணமாகி ஏழு வருடம் பிள்ளையில்லாமல், பாம்புச் சாமியான நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை. அவள் இருபது வயதில் கண்ணாடித் தொட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் நாலடிப் பாம்பு ஒன்று. சோளப்பாம்பாம், விஷமில்லையாம், பெண்ணாம், பெயர் பம்ப்கினாம்.

"நேர்த்தி வைக்கேக்கை என்ன வேணுமெண்டு வடிவாச் சொல்லியிருக்க வேணும்" என்றாள் என் மனைவி தவமணி.

பம்ப்கின் என்றால் பூசணிக்காய் என்று அறிந்தபின் நான் 'பூசணி' என்றே கூப்பிட்டேன். அடுத்த செப்டெம்பரில் அபிரா வேலைப் பயிற்சிக்காக நாலு மாதம் ஒட்டாவா போனாள். பூசணியைக் கனடாவில் அஜக்ஸ் நகரில் இருக்கும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, பராமரிப்பு முறையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி ஃப்ரிஜ்ஜில் ஒட்டிவிட்டுத்தான் போனாள்.

நான் அந்தத் தாளில் பாதியைத்தான் வாசித்தேன். மீதி எனக்குத் தெரியும் என்று நினைப்பு. பாம்பைப் பற்றி இந்தப் பிள்ளை எனக்குச் சொல்வதா? தொட்டியைத் தூக்கிச் சாமி அறையில் வைத்தேன். 'தண்ணீர்' என்று எழுதியிருந்த இடத்தில் பசும்பால் வைத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் தொட்டிக்குச் சாம்பிராணி காட்டினேன். கந்தசஷ்டி தொடங்கியதும் பூசணிக்கும் விரதம் பிடிக்க வைத்தேன். (கிழமைக்கு ஒரு எலி சாப்பிடுகிற சீவன். சஷ்டிக்கு நாங்கள் பழத்தோடு இருக்க, சாமி அறையில் ஒருத்தி எலி சாப்பிடலாமா?)

மூன்றாம் நாள் காலையில் பூசணி தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி இருந்தாள். படம் எடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக் கும்பிட்டேன். கிட்டப் போனால் கீச்சுக் கீச்சென்று இழுப்புச் சத்தம். மூக்கில் நுரை.

ஸ்காபரோவில் பாம்புக்கும் வைத்தியம் பார்க்கும் ஒரு டொக்ரர் அம்மா இருந்தார். அவர் பூசணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை, சாமிக்குப் போடும் புகை மட்டும்தான் என்றேன். எவ்வளவு புகை என்றார். கையை விரித்துக் காட்டினேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

சுவாசப்பையில் கிருமி. புகை அறவே கூடாது. பால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. விரதத்தால் மட்டும் ஒரு பாதிப்பும் இல்லையாம். பாம்பு சாப்பிடாமல் கிழமைக்கணக்கில் இருக்குமாம். (நான் மூன்றாம் நாளே தலைசுற்றிப் படுத்தவன்.) மூன்று நாளுக்கு ஒரு ஊசி. முதல் ஊசியை அவர் போட்டார். இரண்டாவதுக்கு வந்து, நானே போடப் பழக வேண்டும். வழியில் குளிர் பட்டால் பிழைக்காது என்றும் சொன்னார்.

அபிராவுக்கு நான் சொல்லவில்லை. "பூசணி எப்பிடி அப்பா?" என்று கேட்டபோதெல்லாம் "ராசாத்தி மாதிரி" என்றேன்.

இரண்டாவது ஊசி சரியாகச் சஷ்டியின் ஆறாம் நாளான சூரன்போர் நாளில் வந்தது. வெளியே முதல் பனி. பூசணியைத் தலையணை உறைக்குள் விட்டு, றப்பர் பாண்டுக்குப் பதிலாகக் கோயில் மஞ்சள் நூலால் கட்டினேன். அதைவிடப் பாதுகாப்பு என்ன இருக்கிறது? உறையை ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு வைத்து சிப்பை இழுத்தேன். டொக்ரரிடம் போகிற வழியில்தான் முருகன் கோயில். ஐந்தே நிமிடம் கும்பிட்டு, பூசணிக்கு ஒரு துளி விபூதி வாங்கிக்கொண்டு போகலாம் என்று இறங்கினேன். காரில் விட்டால் அவளுக்குக் குளிரும். ஆகவே கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் கோயிலில் ஆண்கள் மேலுடுப்போடு உள்ளே போக முடியாது. முப்பது வருடமாகப் போகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு மறந்துவிட்டேன்.

வாசலில் தொண்டுக்கு நிற்கும் ராசா அண்ணை மறித்தார். "தம்பி, ஜக்கெற்றையும் சேட்டையும் கழட்டிப்போட்டு வாரும்."

"குளிர்க்காய்ச்சல் அண்ணை."

"முருகன் சூரனோடை சண்டைக்கு வெளிக்கிடுறார். உமக்குக் குளிர்க்காய்ச்சலோ?"

"அண்ணை, உள்ளுக்கை ஒராள் இருக்கு. சுகமில்லை."

"ஆளோ? என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்று சொல்லிக்கொண்டே, உதவி செய்கிற நினைப்பில் என் சிப்பைக் கீழே இழுத்தார்.

மஞ்சள் நூல் எப்போது அவிழ்ந்ததோ தெரியாது. என் கழுத்தடியில் செம்மஞ்சள் தலை ஒன்று மெதுவாக எட்டி ராசா அண்ணையைப் பார்த்தது. அவர் அப்படியே பின்னால் நடந்து போய்ச் செருப்புத் தட்டில் குந்தி இருந்துவிட்டார்.

"ஐயோ, பாம்பு!" என்று ஒரு அன்ரி அர்ச்சனைத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். தேங்காய் உருண்டு போனது. சனம் இரண்டாகப் பிரிந்தது. பாதி கதவடிக்கு ஓடியது, மற்றப் பாதி என்னை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டது. "முருகனின்ரை மயிலின்ரை காலடியிலை இருக்கிற நாகமப்பா! சூரன்போரண்டு வந்திருக்கு!" என்று ஒருவர் அழவே தொடங்கிவிட்டார். தவில்காரர் ஒரு அடி தவறவிட்டார். யாரோ அபிஷேகப் பாலைக் கிண்ணத்தில் கொண்டு ஓடி வந்தார்.

"பால் குடுக்காதேங்கோ! அதுக்கு ஒத்துக்கொள்ளாது! சாம்பிராணியைக் கிட்டக் கொண்டுவராதேங்கோ!" என்று கத்தினேன். இரண்டு மாதமாக அந்த இரண்டையும் செய்த மனிதன் கத்துகிறேன்!

ஐயர் மட்டும் பதறாமல் கிட்ட வந்து, பூசணியின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டார். "வருத்தக்காரச் சீவன். முதலிலை டொக்ரரிட்டைக் கொண்டு போங்கோ. முருகன் எங்கையும் போகமாட்டார்" என்று விபூதியை என் நெற்றியில் பூசி அனுப்பினார். திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கையிலும் ஃபோன்.

டொக்ரரின் வாசலில் காரை நிறுத்த, என் ஃபோன் அடித்தது. ஒட்டாவா.

"அப்பா, எல்லா குறூப்பிலையும் ஒரு வீடியோ வருது. உங்கடை நெஞ்சிலை இருக்கிறது என்ரை பூசணிதானே? வை இஸ் ஹெர் மௌத் ஓப்பின்?"

பால், புகை, விரதம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீ அழுவாய் எண்டு, பிள்ளை."

"இப்ப நீங்கள்தானே அழுறியள்." அவளும் மூக்கை உறிஞ்சினாள். "ஐ கான்ட் ட்ரஸ்ட் யூ வித் ஹெர், அப்பா. என்ரை ஃப்ரெண்ட் வந்து எடுத்துக்கொண்டு போவா."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. "ஒரு மாசம் தா. நான் பழுதாக்கினதை நானே சரியாக்கிறன்" என்றேன். யோசித்து, தந்தாள்.

அன்றைக்கு டொக்ரருக்கு முன்னால் ஒரு தோடம்பழத்தில், அதுதான் ஒரேஞ்சில், ஊசி குத்திப் பழகினேன். பிறகு அபிரா ஃப்ரிஜ்ஜில் ஒட்டிய தாளை அகராதி வைத்து முழுக்க வாசித்தேன். தொட்டி வரவேற்பறைக்கு வந்தது. அளவான சூடு, சுத்தமான தண்ணீர். சாம்பிராணி கராஜுக்குப் போனது. வீட்டில் போட்ட முதல் ஊசிக்குத் தவமணி, அவன் அடுப்பிலிருந்து சூட்டுத் தட்டு எடுக்கும் கையுறை போட்டுக்கொண்டு வாலைப் பிடித்தாள். மூன்றாவது ஊசிக்குக் கையுறை இல்லை. ஐந்தாவதுக்கு, "மெல்லக் குத்துங்கோப்பா, அவளுக்கு நோகுமல்லே" என்று என்னை ஏசினாள்.

இழுப்பு நின்றது. ஆனால் சாப்பிட்டால்தான் பிழைத்தாள் என்று அர்த்தம் என்றார் டொக்ரர். நான் பத்து வருடமாக மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன். அதுவரை எலியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக்குள் போட்டுவிட்டு ஓடிவிடுவேன். உறைந்த எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, வாயில் தேவாரமும், கையில் தவமணி அப்பளம் பொரிக்கும் இடுக்கியுமாகத் தொட்டிக்கு முன் நின்றேன். பூசணி பார்த்தாள். நாக்கை நீட்டினாள். பிறகு ஒரே பாய்ச்சல்!

"தவம்! சாப்பிட்டிட்டாள்! பிள்ளை சாப்பிட்டிட்டாள்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வந்து கதவைத் தட்டினார். அபிராவுக்கு வீடியோ அனுப்பினேன். "ஓகே அப்பா. யூ கான் கீப் ஹெர்" என்று பதில் வந்தது. பிறகு முழுகிவிட்டுச் சாமி கும்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த காரியங்களில் அது முதலாவது என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

(இடுக்கி இப்போது என் சொத்து. எங்கள் வீட்டில் அப்பளம் அகப்பையால்தான் எடுப்பது. விருந்தாளிகள் காரணம் கேட்டால் தவமணி முதலிலிருந்து தொடங்கிவிடுவாள்.) ராசா அண்ணையும் விடவில்லை. கோயில் வாசலில் என் நெஞ்சை இரண்டு விரலால் தட்டி, "தம்பி, இண்டைக்குத் தனியவோ?" என்று கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்.

மச்சான் அனுப்பிய செய்தி இதுதான்: கனடாவில் சூரன்போர் அன்று பக்தர் ஒருவரின் நெஞ்சிலிருந்து ஐந்து தலை நாகம் தோன்றி, பால் குடித்து மறைந்ததாம். பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்குமாம். கீழே என் படம், கண் பிதுங்கியபடி.

நான் சாமியை நம்புகிறவன். அதனால்தான் சாமியின் பெயரில் பொய் போவது பொறுக்கவில்லை. இதை வாசிக்கிறவர்கள் விரும்பினால் மற்றவர்களுக்கும் அனுப்புங்கள், ஆனால் ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அனுப்புங்கள். தலை ஒன்று. நீளம் நாலடி. பால் குடிக்காது, குடுக்கவும் வேண்டாம். மறையவும் இல்லை, இதை எழுதும்போது எங்கள் வரவேற்பறையில் சுருண்டு படுத்திருக்கிறாள். மூச்சில் அந்த இழுப்புச் சத்தமே இல்லை.