எட்டுப் பிள்ளைகளும் ஒரு தொண்டையும்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த பொன்னம்மை மதினிக்கு,

கிருஷ்ணவேணி எழுதுவது. இங்கே இவருக்குச் சுகம், வீட்டில் மற்றதெல்லாம் சுகம், எனக்கு மானம் மட்டும் கொஞ்சம் குறைவு. அண்ணனும் நீங்களும் நன்றாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். பாட்டு கிளாஸ் எப்படிப் போகிறது என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல நடித்துக்கொண்டிருந்ததால், "நல்லா போகுது மதினி" என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

ஒன்பது வருஷம் முறையாகப் பாட்டுப் படித்தவள், முப்பது வருஷம் ஆபீசில் பைல் பார்த்தவள், எட்டுப் பிள்ளைகளைச் சமாளிக்க மாட்டேனா என்று உங்களிடமே பெருமை பேசினேன். கிழக்கேகோட்டைக்குப் போய் நாலு பாய் வாங்கி வந்து மாடி அறையில் விரித்தேன். வந்த எட்டில் ஐந்து பேருக்கு 'ச' என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு பேர் முதல் பாடமான சரளி வரிசையைப் பாதியில் விட்டவர்கள். பன்னிரண்டு வயது இசக்கிசெல்வி மட்டும் வேறொரு டீச்சரிடம் மூன்று வருஷம் படித்து வர்ணம் வரை வந்தவள். முதல் சனிக்கிழமை அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து வர்ணம் பாடச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் மற்றவர்களுக்குச் சரளி வரிசை தொடங்கினேன். கால் மணி நேரத்தில் கீழ்வீட்டு நேசமணி சார் படியேறி வந்து, "டீச்சரே, யாருக்காவது சுகமில்லையோ? ஆட்டோ விளிக்கட்டா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் எல்லோரையும் அடியிலிருந்து தொடங்கவைத்தேன். மறுநாளே இசக்கிசெல்வியின் அம்மா சரோஜம் வந்து, "மூணு வருஷம் படிச்சதை எங்க மோளு ஒரு மணிக்கூர்ல மறந்துட்டா, கேட்டோ" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாவது வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது, வந்திருக்கக் கூடாது. பெரியவள் வர்ணம் பாடட்டும், சின்னதுகள் தாளம் போடட்டும் என்றேன். ஏழு வயது பிரபின் தொடையில் தட்ட ஆரம்பித்தான். அன்றைக்கு அவனுக்கு ஐந்தரைக்குக் கிரிக்கெட். அவன் வேகம் கூட்ட, மற்றதுகளும் கூட்ட, இசக்கிசெல்விக்கு மூச்சு வாங்க, இதையெல்லாம் நிறுத்த வேண்டிய என் கையும் அவனுக்குப் பின்னாலேயே ஓட, நாலு நிமிஷ வர்ணம் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. "யாரு ஓடுனது?" என்று கண்டிப்பாகக் கேட்டேன். ஏழு விரல்கள் என் பக்கம் நீண்டன.

நீளாத விரல் ஜெஸ்லினுடையது. ஆறு வயது, வந்த நாள் முதல் வாயே திறக்காத பிள்ளை. இதைப் பாடவைக்காவிட்டால் நான் டீச்சரே இல்லை என்று எனக்குள் ஒரு வைராக்கியம். கடலைமிட்டாய் கொடுத்தேன். பக்கத்தில் உட்காரவைத்தேன். அதுக்கும் சேர்த்து நானே பாடினேன். ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை மதினி. அவள் அம்மா எலிசாள் வந்து, "இந்த மாசத்தோட நிறுத்திரலாம்னு பாக்கேன் டீச்சர், இவளுக்குப் பாட்டு வராது போல" என்றாள். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் மோளே பாட மாட்டேங்க?" என்று கேட்டேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சர் எப்போ நிறுத்துவீங்கன்னு பாத்துட்டு இருக்கேன்" என்றது.

போன சனிக்கிழமை என் தொண்டை கட்டிப்போச்சு. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒருத்தியே பாடினால் பின்னே என்ன ஆகும், வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. லீவு விடலாமென்றால் பிள்ளைகள் வந்தாச்சு. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். இசக்கிசெல்வி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளே முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு வரி பாடினாள். சரளி தெரிந்த இரண்டு பேரை அதைத் திருப்பிப் பாடச் சொன்னாள். சின்னதுகளுக்குக் கடைசி 'ச'வை மட்டும் பிடித்து நிற்கும் வேலை. நாலாவது தடவை, எல்லோரும் நிறுத்தின பிறகும் ஒரு 'ச' மட்டும் நின்றது, மெல்லிசாக, சுருதியோடு ஒட்டி. பார்த்தால் ஜெஸ்லின், கண்ணை மூடிக்கொண்டு. வாசலில் நின்ற எலிசாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் வந்துது, வெக்கமும் வந்துது. ரெண்டு மாசமா நான் நடத்தின கிளாஸ்லயே உருப்படியானது, நான் வாய் திறக்காத கிளாஸ்தான்.

ஆகவே இந்த வேலை எனக்குச் சரிப்படாது என்று முடிவு செய்துவிட்டேன். இன்றைய கிளாஸோடு சொல்லி நிறுத்திவிட்டு, பதினைந்தாம் தேதி காலை ரயிலில் நாகர்கோவில் வந்து உங்களோடு பத்து நாள் இருக்கப் போகிறேன். அண்ணனுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், பாட்டு டீச்சர்களிடம் அகப்படாமலும் இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு உங்கள் நாத்தி,
கிருஷ்ணவேணி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் கிளாஸ் முடிந்துவிட்டது. பதினைந்தாம் தேதி நான் வரவில்லை. புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், ஒன்றுக்குப் பல்லே முளைக்கவில்லை. தொண்டை புதன்கிழமையே சரியாகிவிட்டது, அது இவருக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், பிள்ளைகளே பாடி முடித்தார்கள். இங்கிருந்து யாராவது போன் செய்து விசாரித்தால், நாத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்றே சொல்லிவிடுங்கள்.